வண்டு வராத பூக்கள்

காகிதப் பூ என்றாலே நம் ஆட்களுக்கு ஓர் இளக்காரம். "காகிதப் பூ மணக்குமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. வெளியில் பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை என்று ஒரு மனிதரையோ ஒரு காரியத்தையோ தள்ளிவிட அந்த ஒரு கேள்வி போதும்.

பணி ஓய்வுக்குப் பிறகு கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் காகிதப் பூ செய்யக் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். க்ரேப் தாள், கத்தரிக்கோல், மெல்லிய கம்பி, கோந்து, இவ்வளவுதான் முதலீடு. கற்றுக்கொள்ளும்போதே கூடவே ஒரு கேள்வியும் வந்தது. கோயில் வாசலில் முழம் முழமாக நிஜப் பூ கிடைக்கிற நாட்டில், மனிதன் எதற்காகப் பூவைப் போல ஒன்றைச் செய்யத் தொடங்கினான்? எப்போது தொடங்கினான்?

தேடிப் போனால், முதல் பதில் எங்கள் காஞ்சிபுரத்திலேயே கிடைக்கிறது. அதுவும் சங்க காலத்திலிருந்து.

கச்சியில் கிடைத்த தாமரை

பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. 500 அடிகள். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவனுடைய ஊர் கச்சி, அதாவது காஞ்சிபுரம். அவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனைப் பார்த்து, "நீயும் போ, இப்படிப் போனால் கச்சி வரும், அவன் இன்னின்னது தருவான்" என்று வழி சொல்லி அனுப்புவதுதான் பாட்டு.

அந்தப் பரிசுகளில் ஒன்று, பாணனின் தலையில் சூட்டப்படும் தாமரை. பொன்னால் செய்த தாமரை அது. ஆனால் புலவர் அதை நேரடியாகச் சொல்வதில்லை. நெருப்பைப் போல ஒளிர்கிற தாமரை, வண்டு வந்து ஒலிக்காத தாமரை என்று மட்டும் சொல்லி, மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். செய்த பூவுக்கும் பூத்த பூவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வண்டைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. மனிதக் கண் ஏமாந்துவிடும் அளவுக்கு அந்தத் தாமரை இருந்தது என்பது குறிப்பு. வண்டு வராதது அங்கே குறையாகவும் சொல்லப்படவில்லை. பசியோடு வந்த பாணனுக்கு வாடும் பூவைக் கொடுத்தால் மாலைக்குள் காரியம் முடிந்துவிடும். வாடாத பூ அவன் குடும்பத்துக்குச் சோறு போடும்.

ஆக, நம் இலக்கியத்தில் செயற்கைப் பூ நுழையும்போது கௌரவத்தோடுதான் நுழைகிறது. "மணக்குமா?" என்ற கேள்வி பின்னால் வந்தது.

நெட்டியும் வாடாமாலையும்

பொன் அரசனுக்குக் கட்டும். சாதாரண மக்கள் என்ன செய்தார்கள்?

சிலப்பதிகாரத்தில், இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரத்துத் தொழிலாளர்களின் நீண்ட வரிசை ஒன்று வருகிறது. கஞ்சகாரர், செம்பு செய்வோர், மரத்தச்சர், கொல்லர், தட்டார், தையல்காரர் என்று போகும் அந்த வரிசையில், துணியிலும் 'கிடை'யிலும் பல வேலைகள் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கிடை என்பது நெட்டி. அதைக் கொண்டு பூவும் வாடாமாலையும் செய்தவர்கள் அவர்கள் என்று உரை விளக்குகிறது. வாடாமாலை! எவ்வளவு அழகான சொல். இன்றைக்கு 'ஆர்ட்டிபிஷியல் ஃப்ளவர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நெட்டி தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி, குளம், சதுப்பு நிலங்களில் தண்ணீரோடு வளரும் செடி. மேலே பழுப்புத் தோல். சீவிவிட்டால் உள்ளே பால் போல வெள்ளைத் தண்டு. கையில் எடுத்தால் எடையே இருக்காது. கூர்மையான கத்தியால் தண்டைச் சுற்றிச் சுற்றிச் சீவினால் தாள் தாளாக வரும். அந்தத் தாளை வெட்டி மடித்தால் இதழ். காகிதம் நம் ஊருக்கு வருவதற்கு முன்னால் நமக்குக் கிடைத்த காகிதம் என்றே இதைச் சொல்லலாம்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர். நாதஸ்வரம் செய்வதற்குப் பெயர் பெற்றது. அதே ஊரில் மாட்டுப் பொங்கலுக்காக நெட்டி மாலை செய்கிறார்கள். வெள்ளை நெட்டியைத் துண்டு போட்டு, சாயம் ஏற்றி, கோத்துக் கட்டுவார்கள். மாட்டின் கழுத்தில் அது பூமாலையாகவே தெரியும். தஞ்சாவூரில் நெட்டியில் பெரிய கோயில், தேர், தாமரை என்று செய்கிற கலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் இதே நெட்டிக்கு 'சோலா' என்று பெயர். கல்யாண மாப்பிள்ளையின் தலையில் வைக்கும் தொப்பியும் துர்க்கை பூஜை அலங்காரமும் அதில்தான். வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்குப் போட்டுக்கொண்ட 'சோலா தொப்பி'யும் இந்தச் செடியிலிருந்து வந்ததே.

காகிதம் வந்த வழி

காகிதத்தின் பிறப்பிடம் சீனா. அது இந்தியாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. நாம் ஓலையில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் காகிதத்தில் எழுதினார்கள், பூவும் செய்தார்கள்.

இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி உண்டு. சீனாவின் வடமேற்கில், பட்டுப் பாதையில், துன்ஹுவாங் என்ற பாலைவன ஊர். அங்கே மலையைக் குடைந்து நூற்றுக்கணக்கான பௌத்தக் குகைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு சிறு அறை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டு, 1900-இல் தற்செயலாகத் திறக்கப்பட்டது. உள்ளே ஆயிரக்கணக்கான சுவடிகள். 1907-இல் அங்கே போன ஆரல் ஸ்டைன் ஏராளமானவற்றை எடுத்துச் சென்றார். அவற்றோடு சில காகிதப் பூக்களும் போயின. வண்ணக் காகிதத்தை வெட்டி, அடுக்கி ஒட்டிய பூக்கள். இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆயிரம் வருடம் தாண்டிய காகிதப் பூ! அதே காலத்தில் பூத்த நிஜப் பூக்களோ அப்போதே வாடிப்போயின.

பாலைவனத்தில் பூவுக்கு எங்கே போவது? ஆனால் புத்தருக்குப் பூ வேண்டும். ஆகவே கையில் இருந்ததைக் கொண்டு செய்தார்கள். காஞ்சிபுரத்துக்காரனாக எனக்கு இதில் ஒரு சிறு உறவும் தோன்றுகிறது. 7ஆம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், யுவான் சுவாங் என்ற சீனத் துறவி நம் காஞ்சிக்கு வந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். இந்தியாவிலிருந்து சீனாவுக்குத் திரும்பும் வழியில் துன்ஹுவாங்கும் இருந்தது.

நம் பக்கம் காகிதம் வந்த கதையை நம் சொற்களே சொல்லும். 'காகிதம்' பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. முஸ்லிம் ஆட்சியோடும் வணிகத்தோடும் தெற்கே இறங்கியது. 'கடுதாசி' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'கடதாசி' என்றுதான் சொல்கிறார்கள். வந்த வழி இரண்டு, இரண்டும் வெளியிலிருந்து. ஆகவே, "காகிதப் பூ மணக்குமா?" என்ற நம் ஏளனத்துக்கும் வயது அவ்வளவு அதிகமாக இருக்க முடியாது. 'வாடாமாலை' என்ற சொல் அதைவிட எவ்வளவோ மூத்தது.

72 வயதில் ஒரு தொடக்கம்

ஓய்வு பெற்ற நண்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் மேரி டெலனி என்ற ஆங்கிலப் பெண்மணி. 1700-இல் பிறந்தவர். இரண்டு முறை திருமணம் ஆகி, இரண்டு முறையும் கணவரை இழந்தவர். 1772-இல், அதாவது தம் 72ஆம் வயதில், ஒரு நாள் தற்செயலாகக் கவனித்தார்: மேசை மேல் இருந்த சிவப்புக் காகிதமும் ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறம். கத்தரியை எடுத்துக் காகிதத்தை இதழ் வடிவில் வெட்டினார். அறைக்குள் வந்த அவருடைய தோழி போர்ட்லாண்ட் சீமாட்டி, நிஜப் பூவைத்தான் பிய்த்து வைத்திருக்கிறாரோ என்று நினைத்துவிட்டாராம்.

அன்று தொடங்கியவர் பத்து வருடம் நிறுத்தவில்லை. கறுப்புத் தாளின் மேல் வண்ணக் காகிதத் துணுக்குகளை ஒட்டி ஒட்டி 985 செடிகளின் பூக்களைச் செய்தார். ஒரு பூவுக்கு நூற்றுக்கணக்கான துணுக்குகள்கூட ஆகும். இதழின் நிழல், நரம்பு, வாடத் தொடங்கிய ஓரம், எல்லாம் காகிதம். 1782-இல் கண் பார்வை மங்கியதால்தான் நிறுத்தினார். அந்தத் தொகுதிகளும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில், துன்ஹுவாங் பூக்கள் இருக்கும் அதே கட்டடத்தில்.

மேரி டெலனியின் ரகசியம் கையில் இல்லை, கண்ணில் இருந்தது. நிஜச் செடியை முன்னால் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். எத்தனை இதழ், எத்தனை மகரந்தத் தாள் என்று எண்ணினார். அதனால்தான் தாவரவியல் அறிஞர்களே அவற்றை மதித்தார்கள்.

இதே வழியில் இன்னொரு முயற்சியும் நடந்தது. ஜெர்மனியில் பிரெண்டல் என்ற குடும்பத்தார் 1866 முதல் காகிதக் கூழால் பெரிய பெரிய பூ மாதிரிகளைச் செய்து கல்லூரிகளுக்கு விற்றார்கள். புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தம், சூலகம் என்று தனித்தனியாகக் கழற்றி மாணவர்களுக்குக் காட்டலாம், மறுபடி மாட்டிவிடலாம். செயற்கைப் பூவை வைத்து நிஜப் பூவைக் கற்றுக்கொடுத்த காலம் அது. "போலி" என்ற வார்த்தையை இங்கே எங்கே பொருத்துவது?

பூவும் கூலியும்

இந்த வரலாற்றுக்கு ஒரு கசந்த பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் தொப்பியில் பூ வைத்துக்கொள்வது நாகரிகமானது. நிஜப் பூ தாங்காது. ஆகவே துணியிலும் காகிதத்திலும் பூ செய்யும் பெரிய தொழில் வளர்ந்தது. பாரிஸ் அதற்குத் தலைநகரம். நியூயார்க்கில் அந்த வேலை வாடகைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. 1908 முதல் சில ஆண்டுகள் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் அந்த வீடுகளுக்குள் போய்ப் படம் எடுத்தார். ஒரு மேசை; சுற்றி அம்மா, பாட்டி, நாலைந்து குழந்தைகள்; மேசை நிறையப் பூ. ஐந்து வயதுக் குழந்தைகூடக் காம்பில் இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும். பூக்களைப் பார்த்தால் அழகு. குழந்தைகளின் கண்ணைப் பார்த்தால் தூக்கம். அமெரிக்காவில் குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டங்கள் வர அந்தப் படங்கள் பெரிதும் உதவின. 1913-இல் மேரி வான் கிளீக் என்ற ஆய்வாளர் பூச் செய்யும் தொழிலாளிகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே வெளியிட்டார்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இந்தப் படங்களை அந்நியமாகப் பார்க்க முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு, நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர், ஒரு காலத்தில் பல வீடுகளில், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை. பட்டுத் தொழிலில் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. சட்டமும் பள்ளிக்கூடமும் மதிய உணவும் சேர்ந்து பெருமளவு மாற்றிவிட்டன. மாறியது நல்லதே.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1950-களில் ஹாங்காங்கில் பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலைகள் பெருகின. பின்னாளில் ஆசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான லீ கா-ஷிங், பிளாஸ்டிக் பூவில்தான் முதல் பெரிய லாபம் பார்த்தார். அச்சில் வார்த்து எடுக்கும் பூவுக்குப் பார்த்துச் செய்யும் கண் தேவையில்லை. ஒரே ஒரு முறை அச்சு செய்தவர் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு லட்சம் பூவும் அவர் பார்த்த அந்த ஒரு பூதான். இன்று நம் கல்யாண மண்டபங்களிலும் கார் முகப்பிலும் படத்துக்குப் போட்ட மாலையிலும் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வாரிசுகள்.

எங்கள் ஊரில் பூக்கும் காகிதம்

பிள்ளையார்பாளையத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால், "தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும்" என்று சொல்வது வழக்கம். இப்போது அந்தச் சத்தம் குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது: எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் இருக்கும் பூ, பட்டில் பூப்பதற்கு முன்னால் காகிதத்தில் பூக்கிறது.

மல்லிமொக்கு புட்டா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கிராஃப் தாளில் வரைய வேண்டும். தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள். மல்லிகை மொக்கு வளைவானது, கட்டமோ சதுரம். வளைவெல்லாம் படிக்கட்டாக மாறும். சேலையில் அந்தப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியாதபடி எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் டிசைன் போடுகிறவரின் வேலை. ஒரு கட்டம் தள்ளிப் போனாலும் மொக்கு கத்தரிக்காய் ஆகிவிடும்.

கிராஃபிலிருந்து அடுத்தது அட்டை. ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. கிராஃபின் ஒரு வரிசையைப் படித்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டைகளைச் சங்கிலி போலக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டில் மாட்டுவார்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. அந்த இடைவெளியில் ஜரிகை ஓடினால் பூ. இந்தக் கருவி 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கியது. லியோனும் பட்டு ஊர்தான். அங்கே பிறந்த யந்திரம் எங்கள் தெருக் கூரைகளுக்குக் கீழே வந்து உட்கார்ந்து மல்லிகையும் மாங்காயும் நெய்தது.

சேலையில் வரும் பூக்களில் எனக்கு வியப்பூட்டுவது தாழம்பூ ரேக்கு. கரையில் பல் பல்லாக ஏறி இறங்கும் வரிசை. அடிமுடி தேடிய கதையில் பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது நாம் எல்லோரும் கேட்ட கதை. பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயிலில், 1,300 வருடத்துக்கு முன்னால் ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்தக் கோயிலில், லிங்கோத்பவர் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். கோயிலுக்குள் நுழைய முடியாத பூ, அதே ஊரில் நெய்த கல்யாணச் சேலையின் கரையில் ஏறி, மணமகளோடு சேர்ந்து சந்நிதி வரைக்கும் போய்விடுகிறது. செய்த பூவுக்கு இப்படி ஒரு சௌகரியம்!

இப்போது கவலைக்கு வருகிறேன். தாழம்பூவின் முள் ஓரத்தை முதன்முதலில் பார்த்து, அதைப் பல்வரிசையாக மாற்றியவர் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். பெயர் கிடையாது. மல்லிகை மொக்கின் நுனி எவ்வளவு குவிந்திருக்கும் என்று பார்த்தவர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கையால் கிராஃப் போட்டார்கள். இன்று அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண் வலி மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் பழைய சேலையைப் படம் பிடித்து, அதிலிருந்து டிசைன் எடுத்து, அதையே கொஞ்சம் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் போடுவது மிக எளிதாகிவிட்டது. பிரதியிலிருந்து பிரதி. நிஜப் பூவைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பிளாஸ்டிக் பூவுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் போட்டது. இவை நூலையும் தறியையும் பெயரையும் காக்கும். பார்க்கிற கண்ணைக் காக்கச் சட்டம் கிடையாது. அதை நாமாகத்தான் பழக வேண்டும்.

கற்கத் தொடங்குகிறவர்களுக்கு

அதற்குக் காகிதப் பூ ஒரு நல்ல பள்ளிக்கூடம். என் அனுபவத்தில் ரோஜாவில் தொடங்கக் கூடாது. எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். இதழ் அடுக்கு கைக்கு அடங்காமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

முதல் பாடத்துக்குக் 'காகிதப் பூ'வையே எடுங்கள். வேலியில் படர்ந்திருக்கிறதே, அந்த போகன்வில்லாவைச் சொல்கிறேன். தென் அமெரிக்கச் செடி. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் போகன்வில்லின் பெயரைத் தாங்கியது. அதில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை. நிறம் மாறிய இலை. மூன்று இலைகளுக்கு நடுவில் குச்சி போல நிற்கும் மூன்று சின்னஞ்சிறு குழல்கள்தான் நிஜப் பூ. தினமும் பார்க்கிற செடி. பிரித்துப் பார்க்கும் வரை இது எத்தனை பேருக்குத் தெரியும்? மெல்லிய தாளில் மூன்று இலை வெட்டி, நடுவில் நரம்பு தெரிய ஒரு மடிப்பு மடித்து, வெள்ளை முனை வைத்த மூன்று குழலைச் சுற்றிக் கட்டினால் முடிந்தது.

இரண்டாம் பாடம் செம்பருத்தி, ஒற்றை அடுக்கு. ஒரு பூவைப் பறித்துச் செய்தித்தாளில் வைத்து நிதானமாகப் பிரியுங்கள். ஐந்து இதழ். ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, விசிறி போலச் சுற்றி வரும். நடுவில் நீண்ட தண்டு. அதன் மேல் பக்கம் மஞ்சள் துளிகளாக மகரந்தம். உச்சியில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். கீழே பச்சைக் கிண்ணம். அதற்கும் கீழே இன்னொரு வரிசைக் குட்டிப் பச்சை இலைகள். ஓர் இதழைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைவிட அது நம்பகமானது.

க்ரேப் தாளில் வெட்டும்போது ஒரு விஷயம் முக்கியம். அதில் சுருக்கங்கள் ஒரே திசையில் ஓடும். இதழின் நீளவாக்கில் சுருக்கம் வருமாறு வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு கட்டைவிரலாலும் அகலவாக்கில் மெதுவாக இழுத்தால் நடுவில் குழிவு விழும். திசை மாற்றி வெட்டினால் எவ்வளவு இழுத்தாலும் இதழ் தட்டையாகவே இருக்கும். ஓரத்தை விரல் நுனியால் லேசாக நீவி விட்டால் அலை வரும். அடிப்பக்கம் நிறம் ஆழமாக வேண்டுமானால் ஈரத் தூரிகையில் சாயத்தைத் தொட்டுத் தடவுங்கள். புதுத் தாளின் பளிச்சென்ற வெள்ளை உறுத்தினால் நீர்த்த டிக்காஷன் போதும்.

இன்னொன்று. ஐந்து இதழும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். நிஜப் பூவில் அப்படி இருக்காது. ஒன்று கொஞ்சம் சுருண்டிருக்கும், ஒன்றைப் பூச்சி கடித்திருக்கும். அச்சுக்குத் தெரியாத இந்தச் சின்ன வித்தியாசங்களில்தான் பூவுக்கு உயிர் வருகிறது. செய்து முடித்ததை நிஜச் செம்பருத்தியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த பூவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.

கடைசியாக எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தறி நின்றுபோன பல வீடுகளில், பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ, கையால் போட்ட கிராஃப் தாள்களும் அட்டைக் கட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு மல்லிகை மொக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ எந்தக் கட்டத்தை நிரப்பினார், எதை விட்டார் என்று தெரியும்.